கண் அசைவு சிகிச்சை: எட்டு அமர்வு முடித்த ஒரு சப்ளையர் சொல்வது

திருச்சியில் டிபன் ஹோட்டல் சப்ளையர் நான். 16 வருஷமாகத் துண்டுச்சீட்டைத் தொட்டதில்லை. ‘நாலாம் டேபிள் ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம் வெங்காயம் கம்மி, காபி ஒண்ணு சக்கரை இல்லாம’ என்று ஐந்து டேபிளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். போன வருஷம் நான் ஏறிய பஸ் லாரியில் மோதியது. எனக்கு வெறும் சிராய்ப்பு. பக்கத்து சீட்காரர் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு டேபிள் ஆர்டர்கூட மண்டையில் நிற்கவில்லை. மாஸ்டர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘ஸ்ஸ்’ என்று வருமே, அது எனக்கு பஸ்ஸின் ஏர் பிரேக் சத்தம். கேட்ட நொடியில் ஆர்டர் மொத்தமும் காலி. ஸ்கேனில் தலையில் அடி இல்லை என்றார்கள்.

தெரிந்தவர் சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். அந்தம்மா சில எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று எண் சரி. நாலில் திணறினேன். ‘உங்க ஞாபகம் எங்கேயும் போகல, இடம்தான் இல்ல’ என்றார். நொடிக்கு நொடி விஷயத்தைப் பிடித்து வைக்கும் ‘வொர்க்கிங் மெமரி’ ரொம்பச் சின்னத் தட்டாம். அதை ஏந்துவதில் முன்மூளைக்குப் பெரிய பங்கு. மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி ஓயாமல் அடித்தால் பாதித் தட்டு அதற்கே போய்விடுமாம். எனக்கு வந்தது பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வரும் மனநலக் கோளாறு. பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன்.

சிகிச்சை பெயர் ஈ.எம்.டி.ஆர். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ தொடங்கியது. விபத்தின் மோசமான நொடியை மனதில் வைத்துக்கொண்டு, இடமும் வலமும் போகும் ஆலோசகரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். சின்னத் தட்டில் இரண்டும் கொள்ளாது; காட்சியின் சூடு குறைகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு அவசியம்தானா என்று ஆராய்ச்சியாளர்களிடம் வாதம் நடக்கிறது என்பதையும் ஆலோசகரே சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

முதல் இரண்டு அமர்வு வெறும் பேச்சு. மூன்றாவதில் சட்டை நனைய வியர்த்து, அன்று ராத்திரி தூக்கமே இல்லை. லீவு போடாமல் போகாதீர்கள். ஆறாவதில் விபத்துக் காட்சியின் கண்ணாடிச் சில்லு மனதில் தெரிந்தது, ஆனால் தூரத்தில்.

குறையும் உண்டு. அமர்வுக்கு 1,200 ரூபாய், சப்ளையர் சம்பளத்துக்குக் கனம். காத்திருக்கும் இடம் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. விபத்தில் அடிபட்டவனை ஹாரன் சத்தத்தில் அரைமணி உட்கார வைப்பதா? காசு கொடுக்க முடியாதவர்கள் முதலில் 14416-க்கு அடிக்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

இப்போது மூன்று டேபிள் தாங்குகிறது. நாலாவதுக்குக் காதில் பென்சில். தண்ணீர் தெளிக்கும் முன்னால் மாஸ்டர் ‘அண்ணே, தெளிக்கிறேன்’ என்று குரல் கொடுத்துவிடுகிறார்.