பழைய ரைசன் 3 கணினி: முதலில் மாற்ற வேண்டியது பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா?

2018, 2019-இல் குறைந்த விலையில் அசெம்பிள் செய்த கேமிங் கணினிகளில் அடிக்கடி கண்ணில் படும் சேர்க்கை இது: ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 அல்லது ஏ320 மதர்போர்டு, ஒற்றை ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 1080பி மானிட்டர். "கேம் திக்குது" என்று கடையில் சொன்னால் "கார்டை மாத்திடுங்க சார்" என்பார்கள். இந்தக் கணினிக்கு அது அவசரப் பதில். நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை) மட்டுமே உள்ள 2200ஜி-யில் புதிய கார்டைச் செருகினால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கை) ஏறும், திக்கல் அப்படியே இருக்கும். எங்கள் வரிசை வேறு: ரேம், பிராசசர், அதன் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் சேர்த்து. அந்த வரிசை எப்போது மாறும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் நிறுவி, ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, கார்டு மெமரி, ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ரேம், வெப்பம் ஆகியவற்றைத் திரையின் மூலையில் காட்ட வையுங்கள். வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு, நீங்கள் அதிகம் ஆடும் கேமை இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டில். ஜிபியு 60, 70-இல் ஊசலாட, கோர்கள் நான்கும் நூறைத் தொட்டால் தடை பிராசசரில். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் எந்தக் கார்டு வாங்கினாலும் ஏறாது.

ஐந்தாறு வருடமாகத் திறக்காத கேபினட் என்றால், அளப்பதற்கு முன் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். 2200ஜி 95 டிகிரியில் நின்றுகொண்டு வேகத்தைக் குறைத்தால் மேற்சொன்ன எண்கள் எல்லாமே பொய்யாகிவிடும்.

ரேம், எஸ்எஸ்டி: இதில் போட்டியே இல்லை

ஒற்றை ஸ்டிக் என்றால் ரேம் ஒற்றைச் சேனலில் ஓடுகிறது, தரவு போகும் பாதையில் பாதி வீணாகிறது. ரைசனின் முதல் தலைமுறைகள் ரேம் வேகத்தை நம்பியே இருப்பதால் இந்த இழப்பு நேரடியாகக் கேமில் தெரியும். இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குவதுதான் முதல் வேலை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் செருக வேண்டும். பிறகு பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்க வேண்டும். இதைச் செய்யாததால் 3200 ரேம் இத்தனை வருடமும் 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளம். 2200ஜி-க்கு ஏஎம்டி அறிவித்த உச்சம் 2933 என்பதால் 3200-இல் தடுமாறினால் 2933-க்கு இறக்கிவிடுங்கள். வெவ்வேறு கம்பெனி ஸ்டிக்குகளைக் கலந்தால் ஒருமுறை மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டுவது நல்லது.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. புது 16 ஜிபி ஜோடியைத் தேடாமல், இருக்கும் ஸ்டிக்குக்கு இணையான பழைய ஸ்டிக்கைச் செகண்ட் ஹேண்டில் தேடுவது இப்போது புத்திசாலித்தனம். ரேமில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதால், பழைய கார்டு வாங்குவதைவிட இதில் ஆபத்து குறைவு.

செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்து, வன்பொருளுக்கென ஒதுக்கிய அளவைப் பாருங்கள். 1 அல்லது 2 ஜிபி என்றிருந்தால் 2200ஜி-யின் உள் கிராபிக்ஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. தனிக் கார்டு இருக்கும்போது அது தேவையில்லை, பயாஸில் அணைத்துவிடலாம்.

எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸை உயர்த்தாது. ஆனால் திறந்த உலக கேம்களில் வண்டி ஓட்டிப் போகும்போது வரும் திக்கலுக்கு ஹார்டு டிஸ்க் ஒரு முக்கியக் காரணம். 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்டு எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாகவே போட்டது. எஸ்எஸ்டியில் சாட்டா வகையா, வேகமான என்விஎம்இ வகையா? எண்களில் நொடிக்கு 550 எம்பிக்கும் 3,500 எம்பிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், கேம் ஏறும் நேரத்தில் பெரும்பாலும் ஓரிரு நொடிதான். விலை அருகருகே இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். ஹார்டு டிஸ்க் காணாமல் போனதாகப் பதறாமல், கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள்.

5500, 5600, 5700எக்ஸ்3டி

ஏஎம்4 சாக்கெட்டின் (இந்தப் போர்டுகளில் பிராசசர் அமரும் இடம்) பெரிய வரம் இது: 2018-ஆம் ஆண்டுப் போர்டில் 2022, 2024-இல் வந்த பிராசசர் அமரும். தலைப்பில் உள்ள மூன்று ரைசன்களில் 5600-தான் எங்கள் தேர்வு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), 65 வாட். 2200ஜி-யில் அந்தக் கேஷ் 4 எம்பி மட்டும். 5500-இலும் ஆறு கோர் உண்டு, ஆனால் கேஷ் பாதி, 16 எம்பி. கேமில் அந்தப் பாதி தெரியும். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் 5500. 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி ஏஎம்4-இன் மிக வேகமான கேமிங் பிராசசர்களில் ஒன்று. ஆனால் கடைகளில் கிடைப்பது அரிதாகிவிட்டது, கூலர் தனியாக வாங்க வேண்டும், 105 வாட் என்பதால் ஏ320 போர்டின் மின்சுற்றுக்கு அது பாரம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு அதைத் தேடி அலைவதில் பொருளில்லை.

பெட்டியில்லாத டிரே பிராசசர் மலிவாகக் கிடைக்கும். அதில் கூலர் இருக்காது. 2200ஜி-யோடு வந்த கூலரே 5600-க்குப் போதும். வாரண்டி யார் தருவது, கம்பெனியா கடையா என்பதை மட்டும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் 2200ஜி இல்லை, 5600 உண்டு. பிராசசரை முதலில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றும்போது வேலை கெடும் இடங்கள் இவை.

பயாஸ். போர்டின் பெயரோடு அதன் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் பட்டியலில் 5600-க்கு எந்தப் பதிப்பு தேவை என்று கண்டுபிடியுங்கள். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும். கழற்றிய பின் நினைவுக்கு வந்தால் திரும்ப மாட்ட வேண்டியதுதான். எஃப்ஏடி32 வடிவில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, விண்டோஸிலிருந்து அல்லாமல் பயாஸுக்குள் இருக்கும் வசதியாலேயே ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடக்கூடும். நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாத போர்டுகளும், புதுப் பதிப்பில் சில பழைய பிராசசர்களைக் கைவிட்ட போர்டுகளும் உண்டு என்பதால் குறிப்பைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

கூலர். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில்தான் இருக்கின்றன. காய்ந்த பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றும்போது போர்டின் பின்புறத் தகடு கழன்று விழும், ஒரு கை அங்கே இருக்கட்டும்.

பிட்லாக்கர். பிராசசரை மாற்றியதும் எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மீட்டமைக்கவா என்று பயாஸ் கேட்கும். டிஸ்க்கில் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அடுத்து மீட்புச் சாவியைக் கேட்கும். முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. புதுக் கார்டு வருவதற்குள் 1050 டிஐ-யை விற்றுவிட்டால் திரையில் எதுவும் வராது.

கார்டுகள் நேருக்கு நேர்

1050 டிஐ 2016-ஆம் ஆண்டுக் கார்டு. அதன் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. டூம்: தி டார்க் ஏஜஸ் போல ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போல் கணக்கிடும் முறை) வன்பொருள் இல்லாமல் ஓடாத கேம்களும் வந்துவிட்டன. ஆக, மாற்றித்தான் ஆக வேண்டும். எதற்கு என்பதுதான் கேள்வி.

| கார்டு | வந்த ஆண்டு | மெமரி | மின்தேவை | பிசிஐஇ லேன் |
|---|---|---|---|---|
| ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி | 2022 | 4 ஜிபி | 107 வாட் | 4 |
| ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி | 2024 | 6 ஜிபி | 70 வாட் | 8 |
| ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் | 2019 | 6 ஜிபி | 125 வாட் | 16 |
| ஆர்எக்ஸ் 6600 | 2021 | 8 ஜிபி | 132 வாட் | 8 |
| ஆர்டிஎக்ஸ் 4060 | 2023 | 8 ஜிபி | 115 வாட் | 8 |
| ஆர்க் பி580 | 2024 | 12 ஜிபி | 190 வாட் | 8 |

கடைசிக் கட்டம்தான் யாரும் பார்க்காத கட்டம். பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பாதை, லேன் அதன் தடங்களின் எண்ணிக்கை. பி450 போர்டில் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0, எந்தப் பிராசசர் போட்டாலும் அது மாறாது. 6500 எக்ஸ்டி 4.0 வேகத்தை நம்பி நான்கே லேனோடு வந்த கார்டு. 3.0-இல் அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் எஃப்பிஎஸ் சரியும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை, ஸ்ட்ரீம் செய்பவர்களுக்கு ஆகாது. பழைய கணினிக்கென்றே விற்கப்படும் இந்தக் கார்டு பழைய கணினியில்தான் மோசமாக ஓடும். தள்ளிவிடுங்கள்.

6600-க்கும் 4060-க்கும் எட்டு லேன் என்பதால் 3.0-இல் இழப்பு சிறிது. மெமரி நிரம்பாதபடி டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் போதும். 1080பி-இல் கேம் மட்டும் ஆடுபவருக்கு 6600. டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ-யால் பெரிதாக்கும் என்விடியா வசதி), ஸ்ட்ரீமிங், பிளெண்டர் (3டி மென்பொருள்) போன்ற தேவை இருந்தால் கூடுதல் காசுக்கு 4060 தகும். 2025 இறுதியில் ஏஎம்டி 6600-இன் தலைமுறையைத் தனி டிரைவர் கிளைக்கு மாற்றியது. நான்கைந்து வருடம் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

பி580-இன் 12 ஜிபி கண்ணைப் பறிக்கும். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாமல் அது தளர்ந்துவிடும், 2200ஜி-யோடு அந்த வசதி இல்லை. 5600-ஓடு உண்டு, இருந்தும் அதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குவதால் பிராசசரை அழுத்தும் கேம்களில் 4060-க்குப் பின்தங்கும். இந்தக் கணினிக்கு அது பொருந்தாத மாப்பிள்ளை.

3050 6 ஜிபி-க்கு ஒரே ஒரு இடம்: தனி மின் இணைப்பே இல்லாத, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவும் முடியாத பிராண்டட் ஆபீஸ் கணினி. 1660 சூப்பர் செகண்ட் ஹேண்டில் மட்டும். வாலரண்ட், சிஎஸ்2 ஆடுபவருக்குத் தாராளம், ஆனால் ரே டிரேசிங் வன்பொருள் அதிலும் இல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய கார்டு வாங்கினால் ஜிபியு-ஸீ மென்பொருளில் ஷேடர் (கார்டின் கணக்கிடும் அலகு) எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304-க்குப் பதில் 2048 ஷேடர் உள்ள வகையும் விற்கிறது. பதினைந்து நிமிடமாவது முழுப் பாரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரில் பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த 450 வாட் பெட்டியில் 17 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 17 = 204 வாட்தான் பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும். 5600-க்கு உச்சத்தில் 76, 6600-க்கு 132, அதிலேயே 208 ஆகிவிட்டது. மற்றவற்றுக்கு 50 வைத்தால் மொத்தம் 260 வாட் பக்கம். 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் தரும் நல்ல 450 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத்) தர எஸ்எம்பிஎஸ் போதும், 550 என்றால் அடுத்த கார்டுக்கும் உதவும். 8 பின் இணைப்பு இல்லாத பெட்டியில் மோலெக்ஸ் மாற்றிக் கேபிள் போட்டு ஓட்டாதீர்கள், அந்த மெல்லிய கம்பி சூடேறி உருகும்.

யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான். 5600, 6600, மானிட்டர் மூன்றும் அதில் அடங்கும். பி580 போட்டால் விளிம்பில் நிற்கும், கேம் நடுவே கரண்ட் போனால் கணினியும் சேர்ந்து அணையலாம்.

வரிசை எப்போது மாறும்

கதை சார்ந்த கேம்களை 30-40 எஃப்பிஎஸ்ஸில் நிதானமாக ஆடுபவர், அளந்து பார்த்து ஜிபியு 99-இல் நிற்கிறது என்றால் கார்டை முதலில் வாங்கலாம். ஏற்கெனவே ரைசன் 5 2600 வைத்திருப்பவருக்கும் அதுவே சரி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் இருப்பதால் 6600-ஐ ஓரளவு தாங்கும், 5600 அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கலாம்.

ஐ3-8100 அல்லது ஐ3-9100எஃப்போடு ஹெச்310 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டது. 10-ஆம் தலைமுறை அதில் ஏறாது. பழைய ஐ7-8700 கிடைத்தால் உண்டு, ஆனால் அதன் விலைக்குப் பக்கத்திலேயே ஐ5-12400எஃப்பும் டிடிஆர்4 ஏற்கும் ஹெச்610 போர்டும் வந்துவிடுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இருக்கும் ரேமை அப்படியே கொண்டுபோகலாம். போர்டு வாங்கும்போது டிடிஆர்4 வகைதானா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அதே ஹெச்610 பெயரில் டிடிஆர்5 போர்டும் விற்கிறது, இன்றைய ரேம் விலையில் அந்தத் தவறு பிராசசர் அளவுக்குச் செலவு வைக்கும்.