எண்ணூர் குப்பத்து சிஎஸ்ஆர் தண்ணீர் ஏடிஎம்: விலை சரி, பராமரிப்பு சரியில்லை

ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தில் வைத்துக்கொடுத்த ஆர்ஓ (உப்பு நீக்கும் குடிநீர்) நிலையம். கார்டைக் காட்டினால் 20 லிட்டர் கேன் 5 ரூபாய். கடைக் கேன் விலைக்கு இது கொள்ளை மலிவு. திறந்த புதிதில் தண்ணீரும் அருமை.

இப்போது டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) மீட்டர் 600-ஐத் தாண்டுகிறது (இந்தியத் தர நிர்ணயப்படி 500-க்குள் இருப்பது நல்லது). காரணம் டோசிங் பம்ப் (மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் பம்ப்) டப்பாவில் தெரிகிறது: உப்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து சுத்தமாகக் காலி. மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த ஊர். இந்த போர் தண்ணீரை அந்த மருந்து இல்லாமல் ஓட்டினால் உப்பை வடிக்கும் சவ்வான மெம்பிரேனில் உப்பு படிந்து, தண்ணீர் வரத்து குறையும், உப்பும் கசியும். மணல், கார்பன் ஃபில்டர்களுக்குத் தினமும் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவுதல்) வேண்டும். நுண்தூசி வடிக்கும் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜின் முன்பின் பிரஷர் கேஜ்களில் வித்தியாசம் ஏறினால் உடனே மாற்ற வேண்டும். இங்கே ஒரு கேஜே உடைந்து கிடக்கிறது!

கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 சிஎஸ்ஆருக்காகக் கேட்கும் சராசரி லாபத்தின் 2 சதவீதத்தில் இயந்திரம் வாங்கியாயிற்று. பராமரிப்புக்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. தொடர் திட்டமாக அறிவித்திருந்தால் தொடங்கிய ஆண்டு போக 3 ஆண்டுகள் வரை அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.

ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் கழிவுநீர் தெருவில் ஓடுகிறது. ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்தால் வலை கழுவவாவது ஆகும்.

கார்டு ரீசார்ஜ் காலை 10 மணிக்கு மேல்தான். விடியலில் கடலுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே போட்டுக்கொள்ளவும்.