ரிங் அறுந்தாலும் நெட்வொர்க் ஓடும்: எம்ஆர்பி, ஈஆர்பிஎஸ் பயன்பாட்டு அனுபவம்

தொழிற்சாலை நெட்வொர்க்கில் ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் ரிங்காக இணைத்து, பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். ரிங்கில் ஓர் இணைப்பு அறுந்தால் டேட்டாவை மறுபக்கமாகத் திருப்பிவிடும் புரோட்டோகாலாக, ஒரு பகுதியில் எம்ஆர்பி, இன்னொரு பகுதியில் ஈஆர்பிஎஸ். இரண்டையுமே நம்பி ஓட்டலாம். ஆனால் டேட்டாஷீட்டில் கொட்டை எழுத்தில் போடும் மீட்பு நேரத்தைவிட, ரிங் அறுந்த விஷயம் நமக்குத் தெரியவருகிறதா என்பதுதான் போகப் போக முக்கியமாகிறது.

எம்ஆர்பி, ஐஈசி 62439-2 தரநிலையில் வருவது. ரிங்கில் ஒரே ஒரு கருவி மேனேஜர், மற்றதெல்லாம் கிளையன்ட். மேனேஜர் தன் இரண்டு ரிங் போர்ட்டில் ஒன்றை டேட்டாவுக்கு அடைத்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் டெஸ்ட் ஃபிரேம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் போனது மறுபக்கம் வந்து சேரும் வரை ரிங் முழுசாக இருக்கிறது. வராமல் போனால் அடைத்த போர்ட்டைத் திறந்து, எல்லாக் கருவிகளையும் மேக் டேபிளை (எந்தக் கருவி எந்தப் போர்ட் பக்கம் என்ற பட்டியல்) அழிக்கச் சொல்லும். அதிகபட்சம் 200 மில்லிசெகண்டில் மீளும் வழக்கமான புரொஃபைலில் 50 கருவி வரை சேர்க்கலாம்.

ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா திரைக்கு இந்த 200 தாராளம். மெஷினைக் கட்டுப்படுத்தும் ப்ராஃபிநெட் புரோட்டோகாலில் பேசும் கருவிகளுக்கு அப்படியில்லை. அப்டேட் டைம் 2 மில்லிசெகண்ட், மூன்று முறை வராவிட்டால் வாட்ச்டாக் (டேட்டா நின்றதைக் கவனிக்கும் டைமர்) என்று விட்டிருந்தால், 6 மில்லிசெகண்டிலேயே கண்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும். ரிங் சொன்னபடி மீண்டிருக்கும், மெஷின் நின்றிருக்கும். பழி நெட்வொர்க் மேல் விழும். எம்ஆர்பி ரிங்கில் வாட்ச்டாக் நேரம் 200க்கு மேல் வருமாறு வைத்தே ஆக வேண்டும். அவ்வளவு பொறுக்காத மெஷின் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஈஆர்பிஎஸ், அதாவது ஐடியு-டியின் ஜி.8032, 50 மில்லிசெகண்டுக்குள் மாறும் என்பார்கள். ஃபைபரில் அது நடக்கிறது. காப்பர் கிகாபிட்டில் கேபிள் அறுந்ததை போர்ட் உணர்வதற்கே முக்கால் செகண்ட் வரை ஆகலாம். புரோட்டோகால் அதற்கப்புறம்தான் வேலையைத் தொடங்கும். ஆகவே ரிங் இணைப்புக்கு ஃபைபரையே தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, அறுந்ததைச் சரிசெய்த உடனே ரிங் பழைய நிலைக்கு வராது. திரும்புவதற்கான காத்திருப்பு டைமர் இயல்பாக 5 நிமிடம். அதைக் குறைக்காதீர்கள். கனெக்டர் லூசாக இருந்து இணைப்பு வந்து வந்து போகும்போது, ஒவ்வொரு தடவையும் ரிங் புரளாமல் காப்பது இந்த டைமர்தான்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், மீடியா கன்வர்ட்டர் (காப்பரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) இருக்கும் இடத்தில் எம்ஆர்பி. கன்வர்ட்டருக்கு அப்பால் ஃபைபர் அறுந்தாலும், இந்தப் பக்கம் காப்பர் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். எம்ஆர்பியின் டெஸ்ட் ஃபிரேம் திரும்பாததால் மேனேஜருக்கு விஷயம் தெரிந்துவிடும். போர்ட் நிலையை மட்டும் பார்க்கும்படி அமைத்த ஈஆர்பிஎஸ்ஸுக்குத் தெரியாது. அங்கே இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும் சிசிஎம் செய்திகளையும் இயக்க வேண்டும்.

கான்ஃபிகர் செய்யும்போது ஒரு இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாக் கருவியிலும் ரிங் போர்ட்டுகளைக் குறித்து, அந்தப் போர்ட்டுகளில் ஆர்எஸ்டிபியை (லூப்பைத் தடுக்கும் வேறொரு புரோட்டோகால்) அணைத்து, மேனேஜர் ஒன்றுதான் என்று உறுதி செய்து, கான்ஃபிகரேஷனைச் சேமித்து, கடைசியில்தான் அந்த கேபிளைச் செருக வேண்டும். மேனேஜர் இல்லாமல் ரிங்கை மூடினால் பிராட்காஸ்ட் புயல்தான், அதே ஃபிரேம்கள் முடிவில்லாமல் சுற்றும். எல்லா போர்ட் விளக்கும் ஒன்றுபோல வெறிபிடித்து மின்னும், எந்தக் கருவிக்குள்ளும் லாகின் செய்ய முடியாது.

அப்புறம் சோதனை. செகண்டுக்கு ஒரு பிங் எதையும் காட்டாது. 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று விட்டு, தொலைந்த பிங்கைப் பத்தால் பெருக்கினால் நின்ற நேரம் ஏறக்குறைய வந்துவிடும். கேபிளைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், நடுவில் ஒரு கருவியின் மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். ஃபைபர் ஜோடியில் ஒன்றை மட்டும் கழற்றியும் பாருங்கள். மறுபடி செருகும்போதும் அளக்க வேண்டும். அப்போதும் சின்னதாக ஒரு தடங்கல் வரும்.

ரிங்குக்கு மேல் விஆர்ஆர்பி (ஒரு ரவுட்டர் விழுந்தால் அதன் கேட்வே வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் முறை) ஓட்டுபவர்களுக்கு: அறிவிப்புச் செய்திகளின் இயல்பான ஒரு செகண்ட் இடைவெளியில், கேட்வே மாற 3 செகண்டுக்குச் சற்று மேல் ஆகும். வேகம் வேண்டும் என்று இடைவெளியை 50 மில்லிசெகண்டுக்கு இறக்கினால், எம்ஆர்பி ரிங் புரளும் நேரத்திலேயே இரண்டு ரவுட்டரும் தன்னையே மாஸ்டர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். கேட்வே மாறும் நேரத்தை எப்போதும் ரிங் மீளும் நேரத்தைத் தாண்டியே வையுங்கள்.

இனி அலாரம். ஒரு இடத்தில் ரிங் அறுந்தால் பயனர் யாருக்கும் தெரியாது, வேலை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது இடத்தில் அறுந்தால்தான் இடையில் மாட்டிய கருவிகள் எல்லாம் மொத்தமாக விழும். இரண்டுக்கும் நடுவே மாதங்கள்கூட ஓடியிருக்கலாம். எஸ்என்எம்பி டிராப் (கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) மட்டும் போதாது. அது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபியில் போவதால், ரிங் மாறும் அந்தக் கணத்திலேயே தொலையக்கூடும். மானிட்டரிங் சர்வர் ரிங் நிலையை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்குமாறு வைத்திருக்கிறேன். மேனேஜர் கருவியின் சிக்னல் ரிலேயை கண்ட்ரோல் ரூம் விளக்கோடும் இணைத்திருக்கிறோம். அந்த விளக்கு எரிந்தால் ஆபரேட்டர் ஷிஃப்ட் பதிவேட்டில் எழுதி, மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.