போகக் காட்டுவழி, திரும்பப் படகு: தெலுக் பஹாங் கடலோர நடை

லண்டனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் விடுமுறைக்குப் பினாங்கு வருபவர்களுக்கு இரண்டு வாரம் போவதே தெரியாது. பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் போகும், மீதி நாசி கண்டார் கடைகளில். அதில் ஒரு காலைப் பொழுதைத் தீவின் வடமேற்கு மூலைக்கு ஒதுக்கலாம். தெலுக் பஹாங்கில் சாலை முடியும் இடத்தில்தான் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, மறுபக்கம் மழைக்காடு, நடுவே மூன்று நான்கு கிலோமீட்டர் நடைவழிகள். அறுபது வயதுக்காரரும் நிதானமாக நடந்துவிடுவார். நடை யாரையும் பெரிதாகச் சோதிப்பதில்லை. சின்ன வயதில் பார்த்த இடம்தானே என்று கிளம்புகிறவர்களைத் திணறவைப்பது நுழைவுக் கட்டணம், படகு, திரும்பும் நேரம் என்ற மூன்று விஷயங்கள்தான்.

முதலில் கட்டணம். ஒரு காலத்தில் பெயரை எழுதிவிட்டுச் சும்மா உள்ளே போகலாம். இப்போது மலேசியருக்குப் 10 வெள்ளி (ரிங்கிட்), வெளிநாட்டவருக்கு 50 வெள்ளி. பினாங்கில் பிறந்து, பினாங்கில் படித்து, பிறகு ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவரும் இங்கே வெளிநாட்டவர்தான், ஏனென்றால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. முகப்பிடத்தில் இருக்கும் ஊழியர் மலேசிய அடையாள அட்டையான மைகார்டைத்தான் பார்ப்பார், பிறந்த ஊரைக் கேட்க மாட்டார். அவரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. குடியுரிமையை விடாதவர்கள் மைகார்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தால் ஐந்து மடங்கு கொடுக்க நேரும். கட்டணம் மாறக்கூடியது, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டை, ரொக்கம் இரண்டுமே கையில் இருக்கட்டும்.

அதே மூச்சில் இன்னொன்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் வேலை.

ஜோர்ஜ்டவுனிலிருந்து வர ரேப்பிட் பினாங்கு 101ஆம் எண் பேருந்து போதும். படகுத்துறையில் ஏறலாம், கொம்தாரிலும் ஏறலாம். பத்து பெரிங்கி ஊரைத் தாண்டி வந்து பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ஓட்டுநர் சில்லறை திருப்பித் தர மாட்டார். சரியான காசு அல்லது டச் அண்ட் கோ கட்டண அட்டை வேண்டும். பயணம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, சனி ஞாயிறுகளில் ஒன்றரை மணியாகும். தஞ்சோங் பூங்கா என்ற ஊருக்கு அப்பால் சாலை கடலோரமாக வளைந்து வளைந்து போகும். பின் இருக்கையில் உட்காரும் குழந்தைகள் வாந்தி எடுப்பது அங்கேதான், முன்பக்கமாக உட்கார வையுங்கள். கிராப் கார் போவதற்குச் சுலபமாகக் கிடைக்கும். பிற்பகலில் திரும்பக் கூப்பிட்டால் இருபது நிமிடம் ஒரு காரும் வராத நாள் உண்டு, அப்போதும் 101தான் துணை.

மாசி மகத்தன்று மட்டும் நடைத் திட்டம் வேண்டாம். தெலுக் பஹாங் கடற்கரையில் இருக்கும் ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் தெப்பத் திருவிழாவுக்குக் கூட்டம் திரளும் நாள் அது. சாலையில் கார் நகராது. அன்றைக்குக் கோயிலுக்கு வாருங்கள், காட்டுக்கு வேறொரு நாள்.

காலை எட்டு மணிக்குள் வாசலில் இருப்பது நல்லது. பினாங்கில் சூரியன் ஏழேகாலை ஒட்டித்தான் உதிக்கும் என்பதால் எட்டு மணி இங்கே அதிகாலை மாதிரிதான். பத்தரைக்கு மேல் காட்டுக்குள் காற்று அசையாது. வெயில் மரத்துக்கு மேலேயே நின்றுவிடும், புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடும். குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்புக்கு இந்த வெக்கை பழக ஒரு வாரமாவது வேண்டும். வந்திறங்கிய மூன்றாம் நாளே மலையேறிப் பாதியில் தலை சுற்றி உட்காருகிறவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம், இரண்டு லிட்டர் நிம்மதி. உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். வெறும் தண்ணீரோடு ‘100 பிளஸ்’ என்ற உப்புச்சத்துப் பானம் ஒரு புட்டியும் இருந்தால் உப்பு இழப்புக்கு ஈடாகும்.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலை உயர்ந்த ஓட்டக் காலணியோடு வருகிறவர்கள்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். இங்கே தரை செங்களிமண். அதன் மேல் மரவேர்கள் படிக்கட்டுபோல் குறுக்கே ஓடுகின்றன. மழை பெய்த மறுநாள் வேரின் முதுகில் மெல்லிய பாசி படிந்து சோப்புபோல் இருக்கும். மெத்தை வைத்த அடிப்பாகம் அதில் ஒட்டாது, நைந்த செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு உள்ளூர் மருந்து ‘அடிடாஸ் கம்போங்’. அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டப் போட்டுக்கொண்டுபோன அதே கறுப்பு ரப்பர்க் காலணிதான், கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. வன்பொருள் கடைகளிலும் பாசார் பக்கத்துக் காலணிக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். உள்ளே மெத்தை கிடையாது, தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கால்களுக்கு அளவு கிடைப்பது கடினம், முதல் நாளே தேடி வாங்குங்கள். வேரில் கால் வைக்கும்போது அதன் நீளவாக்கில் வைக்காமல் குறுக்காக, பாதத்தின் நடுவில் வைத்தால் வழுக்காது. இறக்கத்தில் வேரை மிதிக்காமல் தாண்டுவதே மேல்.

வாசலிலிருந்து முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கடலோரமாகச் சமதளப் பாதை. சுங்கை துக்குன் ஓடையருகே வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மலையேறினால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. வலப்பக்கம் கரையோரமாகவே போனால் தெலுக் ஆலிங், தெலுக் டூயோங், அதற்கும் மேலே மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று பார்ப்பது பேராசை.

முதல் தடவை என்றால் கெராச்சுட் பக்கம் போவதே நல்லது. பிரிவிலிருந்து முதல் அரைமணி ஏற்றம், கல்படிகளும் வேர்ப்படிகளும் மாறி மாறி வரும். முகட்டைத் தாண்டியதும் நிழலில் நீண்ட இறக்கம். மொத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி, குழந்தைகளோடு இரண்டு மணி. கடைசியில் ஒரு பாலம், அதன் கீழே ஏரி. இந்த ஏரியைப் பார்க்காமல் மணலை நோக்கி ஓடிவிடாதீர்கள். மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் மேலேயும், கடலிலிருந்து புகுந்த உப்புநீர் எடை கூடியதால் அடியிலும் இரண்டு அடுக்காகக் கலக்காமல் நிற்கும் ஏரி இது. மேலே குளிர்ச்சி, அடியில் வெதுவெதுப்பு. இப்படிப்பட்டதை மெரோமிக்டிக் ஏரி என்பார்கள். மழை மாதங்களில்தான் நிறைந்திருக்கும். வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் போனால் வெறும் சேற்றுத் தரையைப் பார்த்து ஏமாற வாய்ப்பு அதிகம். மழை மிகுந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏரி நன்றாக இருக்கும், பாதை மோசமாக இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அதிர்ஷ்டம்.

கரையின் ஒரு கோடியில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பச்சை ஆமையும் சிற்றாமையும் முட்டையிட வரும் கரை இது. தொட்டிகளில் குஞ்சுகளைப் பார்க்கலாம், தொடக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக மூடியிருக்கலாம், அதற்கு முன்பே போய்ச் சேருங்கள்.

கெராச்சுட் கடலில் இறங்க வேண்டாம். பார்க்க அமைதியாகத்தான் இருக்கும், அடியில் இழுப்பு உண்டு, சொறிமீனும் உண்டு. பெட்டிச் சொறிமீன் வகைகள் பினாங்குக் கடலில் இருப்பது பதிவான செய்தி. பையில் ஒரு சிறு புட்டி வினிகர் வையுங்கள். பட்டுவிட்டால் முதலில் வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்ற வேண்டும், பிறகு ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுக்கலாம். மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் வெடிக்காமல் இருக்கும் நச்சு முட்களையும் வெடிக்கவைத்துவிடும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 999. ஆனால் அந்தக் கரையில் கைபேசி அலைவரிசை நம்பத்தக்கதல்ல, ஆமை மையத்து ஊழியர்களிடம் ஓடுவது விரைவான வழி.

திரும்ப அதே மலையை ஏறி இறங்கலாம், அல்லது படகு எடுக்கலாம். இந்த இடத்தில்தான் சேவை ஆளுக்கு ஆள் மாறுகிறது. படகுக் கூலி தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, படகுக்கு இவ்வளவு. இரண்டு பேர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் ஏறக்குறைய ஒரே தொகை, கெராச்சுட்டிலிருந்து ஒரு வழிக்கு 100 வெள்ளியை ஒட்டி எதிர்பாருங்கள். அதனால் காலையில் நடை தொடங்கும் முன்பே வாசல் படகுத்துறையில் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பேசும்போது நான்கைத் தெளிவாக்குங்கள்: மொத்தத் தொகை, ஒரு வழியா இரு வழியா, எத்தனை மணிக்கு, எந்தக் கரையில். படகுக்காரரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அலைவரிசை இல்லாத கரையில் எண் உதவாது, சொன்ன நேரம்தான் உதவும். முழுத்தொகையை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் வேண்டாம். பேசாமல் போய்க் கரையில் நிற்கிறவர்கள், வந்த படகு கேட்ட விலைக்குத்தான் ஏற வேண்டியிருக்கும். அங்கே நிற்கும் வேறொரு குடும்பத்தோடு கூலியைப் பகிர்ந்துகொள்வது சாதாரணமாக நடப்பது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிற்பகலில் காற்று எழும்பினால் படகு தூக்கிப் போடும். முதுகு வலிக்காரர்கள் முன்பக்கம் உட்காரக் கூடாது, அலையில் குதிக்கும் பாகம் அதுதான். பின்பக்கம் நனையும், ஆனால் அடி விழாது. உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் தராத படகும் உண்டு. கைபேசி, கடவுச்சீட்டு, மைகார்ட் மூன்றும் நீர்புகாப் பையில் இருக்கட்டும். இடி மின்னல் தொடங்கிவிட்டால் எந்தப் படகும் வராது. அந்த நிலையில் மழை விடும்வரை காத்திருப்பதா, மலையைத் திரும்ப ஏறுவதா என்று மூன்று மணிக்குள் முடிவு செய்துவிட வேண்டும். சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் என்றாலும் காட்டுக்குள் ஆறரைக்கே வேர் கண்ணுக்குத் தெரியாது.

தெலுக் டூயோங் வழி வேறு சுபாவம். ஏற்றம் குறைவு, பாறையும் விழுந்த மரமும் அதிகம், சில இடத்தில் கயிற்றைப் பிடித்துப் போக வேண்டும். தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தைக் கடந்து போவீர்கள். மண் சரிந்தாலோ பாலம் உடைந்தாலோ இந்தப் பாதையை மூடிவிடுவார்கள், முகப்பிடத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். தெலுக் டூயோங்குக்குக் குரங்குக் கடற்கரை என்ற பெயரும் உண்டு, பெயர் பொய்யில்லை. நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டதும் இறங்கி வரும். பையில் சாப்பாடு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை, அந்தச் சத்தமே அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கலங்கரை விளக்கம் அங்கிருந்து இன்னும் செங்குத்தாக அரைமணிக்கு மேல். 1883இல் கட்டியது. உள்ளே ஏறவிடுவார்களா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. வானம் தெளிந்த நாளில் இந்த வடகரையிலிருந்து வடகிழக்கே கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் ஆட்கள் கடாரம் என்று அடையாளம் காட்டும் நிலம். பழங்காலக் கப்பலோட்டிகளுக்குக் கரை அடையாளமாக இருந்த மலையைக் கடல் பக்கமிருந்தே பார்ப்பதற்கு அந்த ஏற்றம் தகும்.

கழிப்பறை வாசலில் இருக்கிறது, அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மென்தாளும் சோப்பும் எடுத்துப் போங்கள். மர உச்சி நடைபாலத்தைப் பழைய படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: பல வருடம் மூடிக் கிடந்தது, அதை நம்பி வர வேண்டாம். நடந்து முடித்ததும் சாப்பிட ரவுண்டபௌட் பக்கம் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகள் உண்டு.

படகில் திரும்புகிறவர்கள் துறையிலிருந்து நேரே பேருந்துக்கு ஓடிவிடுகிறார்கள். காலையில் பெயர் கொடுத்த முகப்பிடத்துக்குப் போய்த் திரும்பிவிட்டதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஐந்து மணிக்கு மேல் உங்கள் பெயருக்கு எதிரே குறி விழாமல் இருந்தால் யாராவது ஒருவர் விளக்கோடு அந்த மலையை ஏற வேண்டிவரும்.