லேடீஸா, யூனிசெக்ஸா? ஏற்காட்டுப் பாறைக்கும் மெட்டி போட்ட காலுக்கும் க்ளைம்பிங் ஷூ

ஒரே மாடலை லேடீஸ், யூனிசெக்ஸ் என்று இரண்டு பெட்டியில் வைத்திருந்தால் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். அதை மறந்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் உண்மையில் மாறுவது மூன்று இடம்: குதிகாலைப் பிடிக்கும் ஹீல் கப், புறங்காலுக்கு மேலே உள்ள உயரம், விரல்கள் இருக்கும் முன்பக்க அகலம். லேடீஸ் ஷூவில் மூன்றுமே குறைவு. அதனால்தான் சில கம்பெனிகள் ஆண், பெண் என்று போடுவதை விட்டு 'லோ வால்யூம்' (எல்வி), அதாவது உள்ளே இடம் குறைந்தது என்றே அச்சிடுகின்றன. ஸ்கார்பாவின் இன்ஸ்டிங்க்ட் விஎஸ்ஆர் எல்வி அப்படி ஒன்று. ஒல்லிக் கால் உள்ள பையனும் கூச்சப்படாமல் வாங்கலாம்.

நம் பக்கத்துக் காலுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சின்ன வயதிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்த கால் முன்னால் விரிந்து, குதிகாலில் ஒடுங்கி இருக்கும். லேடீஸ் ஷூவில் விட்டால் பின்பக்கம் கச்சிதம், முன்பக்கம் நெரிசல். யூனிசெக்ஸில் விட்டால் முன்பக்கம் நிம்மதி, குதிகாலில் காற்று. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் குதிகாலை விட்டுக்கொடுக்காதீர்கள். ஹீல் கப் ரப்பரால் மூடியது, எத்தனை மாதம் போட்டாலும் காலுக்கு ஏற்றபடி மாறாது. முன்பக்கம் உள்துணி இல்லாத தோலாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் இளகிவிடும், ஒரு முழு ஐரோப்பிய சைஸ் வரைக்கும்கூட. சிந்தெடிக் என்றால் அந்த நம்பிக்கை வேண்டாம். அகலக் காலுக்கு சிந்தெடிக்தான் கிடைக்கிறது என்றால், யூனிசெக்ஸில் லேஸ் வைத்ததை எடுத்து, விரல் பக்கம் தளர்த்தி மேல் பக்கம் இறுக்கிக் கட்டுவது மேல்.

சைஸ் கேட்கும்போது ஐரோப்பிய எண்ணையே கேளுங்கள். அமெரிக்க எண் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. ஆன்லைனில் தப்பு ஆர்டர் போவது இதில்தான். ஐரோப்பிய எண் 38 என்றால் இரண்டு பெட்டியிலும் 38. ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் 6.7 மில்லிமீட்டர், அரை எண்ணுக்கு அதில் பாதி. செருப்புக் கடையில் சொல்லும் 5, 6 எல்லாம் இங்கே தோராயத்துக்குத்தான் உதவும்.

போட்டுப் பார்ப்பது சாயங்காலம், சாக்ஸ் இல்லாமல். நின்றபடி குதிகாலுக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரப்பர் பலூன் போல உள்ளே போய் வெளியே வந்தால் ஹீல் ஹூக் போடும்போது, அதாவது குதிகாலைப் பாறையில் மாட்டி இழுக்கும்போது, ஷூ கழன்று வரும். வெல்க்ரோ பட்டையை முழுக்க இழுத்தபின் அதன் நுனி மறுபக்க ஓரத்தைத் தாண்டித் தொங்கினால் ஷூவின் வால்யூம் உங்கள் காலுக்கு அதிகம், லேடீஸுக்கு இறங்குங்கள். பட்டை பாதி தூரம்கூட வரவில்லை என்றால் யூனிசெக்ஸுக்கு ஏறுங்கள். கடைசியாகப் படிக்கட்டு விளிம்பில் பெருவிரலை மட்டும் வைத்து ஏறி நில்லுங்கள். விரல் இறுக்கமாக இருப்பது சரி. மூட்டின் மேல் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால் அந்த ஷூ பழகாது, கடைக்காரர் 'போடப் போட சரியாகிடும்' என்றாலும்.

மெட்டியைப் பற்றி எந்த சைஸ் சார்ட்டும் பேசாது. க்ளைம்பிங் ஷூவுக்குள் இரண்டாம் விரல் மடங்கித்தான் இருக்கும். மெட்டி அந்த மடிப்புக்கும் மேல் ரப்பருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நம் மெட்டி பெரும்பாலும் அடியில் வாய் திறந்தது. எடை விழுந்ததும் இரண்டு முனையும் விரலின் அடிச்சதையில் இறங்கும். பத்து நிமிடத்தில் விரல் வீங்கிவிடும், அப்புறம் சோப்புத் தண்ணீர் இல்லாமல் மெட்டி வராது. மெட்டியோடு அளவு பார்த்தால் அரை சைஸ் பெரிதாக வாங்கிவிடுவீர்கள், கழற்றிய நாளில் ஷூ தொளதொளக்கும். கழற்றுவதே நல்லது. வீட்டில் அதற்கு இடமில்லை என்றால் விரல் நீட்டிப் படுக்கும் தட்டையான அடி, தோல் மேல்பாகம், லேஸ் உள்ள மாடலுக்குப் போங்கள். வளைந்த மூக்கு உள்ளவை உங்களுக்கு வேண்டாம். கொலுசையும் கழற்றி வையுங்கள். ஹீல் ஹூக்கில் அதன் முத்துகள் கணுக்காலில் அச்சாகப் பதியும்.

வடிவத்தைவிட விறைப்பைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பெண் என்றால் எடை குறைவு என்ற கணக்கில் சில லேடீஸ் ஷூக்களை மென்மையாகச் செய்கிறார்கள். லா ஸ்போர்டிவா கம்பெனியின் மியூரா விஎஸ் ஆண்களுக்கு வைப்ரம் எக்ஸ்எஸ் எட்ஜ் ரப்பரில் வருகிறது, பெண்களுக்கு அதைவிட மென்மையான எக்ஸ்எஸ் கிரிப் 2. பெயர் ஒன்று, நடத்தை இரண்டு. 75 கிலோ எடையுள்ள பெண் மென்மையான ஷூவில் சின்ன விளிம்பில் நின்றால் முன்பக்கம் வளைந்து கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கும். 48 கிலோ பையன் விறைத்த ஷூவில் சரிவுப் பாறையில் நின்றால் அடிப்பாகம் வளையாமல், ரப்பர் போதிய அளவு பாறையைத் தொடாமல் வழுக்கும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை, பல்லாவரத்தில் கிடைக்கும் அதே இனம். வெயிலும் மழையும் அரித்த மேல்தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. சரிவில் மென்மையான ரப்பர் நன்றாக ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். சரிவும் விளிம்பும் கலந்து ஏறுகிறவர்களுக்கு நடுத்தர விறைப்பு போதும். மழைக்காலத்தில் பாசி பிடித்த பாறையில் எந்த ரப்பரும் ஒன்றுதான். மலையில் நிறைய இடம் காப்புக்காடும் காபித் தோட்டமும். அனுமதி கேட்காமல் பாறையில் கை வைக்காதீர்கள்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். கீழே மே மாதச் சாயங்காலத்தில் வீங்கிய காலுக்குச் சரியாக இருந்த யூனிசெக்ஸ், மேலே காலைக் குளிரில் அரை சைஸ் பெரிதானது போல ஆடும். இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிற காலுக்கு இது ஒன்றே லேடீஸ் பக்கம் சாயக் காரணம்.

தப்பான வால்யூம் எடுத்தது ஆறேழு மாதத்தில் ஷூவிலேயே எழுதியிருக்கும். அகலக் காலை ஒடுங்கிய லேடீஸில் திணித்திருந்தால், பெருவிரல் மூட்டுக்குப் பக்கத்தில் சுற்று ரப்பர் தோலை விட்டுப் பிரியத் தொடங்கும். ஒல்லிக் கால் பெரிய யூனிசெக்ஸில் இருந்தால், ஹீல் கப்பில் குறுக்கே மடிப்பு விழும், வெல்க்ரோ பட்டையின் தையல் இழுத்து இழுத்து நூல் விடும். பொருந்திய ஷூவில் பெருவிரலுக்கு நேர் கீழே மட்டும் தேயும்.

காரின் பின்கண்ணாடி அடியில் ஷூவை விடாதீர்கள், சேலத்து வெயிலில் பசை விட்டுவிடும். ஏறி முடித்ததும் கழற்றிப் பையின் வெளியே மாட்டி நிழலில் காயவிடுங்கள். பாறை வரைக்கும் செருப்பிலேயே நடங்கள்; தோட்டத்துச் செம்மண் ஒட்டினால் ஈரத் துணியால் அடியைத் துடைத்துக் காய்ந்தபின் ஏறுங்கள்.

நுனி ரப்பர் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மெலிந்ததும் அடி மாற்றக் கொடுத்துவிடுங்கள். சுற்று ரப்பரில் ஓட்டை விழும்வரை காத்திருந்தால் அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும், செலவு கூடும். க்ளைம்பிங் ரப்பர் வைத்திருப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். தெருமுனையில் தைப்பவர் ஹவாய் செருப்பு ரப்பரை வைத்து அழகாக ஒட்டித் தருவார், பாறையில் ஒரு அடி நிற்காது.