ஃபெட் சிமுலேஷன்: பத்தாவது மின்னோட்டவியலுக்கு யூஸ் பண்ணி பார்த்தேன்

நான் கவர்மென்ட் ஸ்கூல்ல பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்கிறேன். மின்னோட்டவியல் வந்தாலே எனக்கு ஒரே கவலைதான், ஓம் விதிய எல்லாரும் ஒப்பிச்சுடுவாங்க, கணக்கும் போட்டுடுவாங்க, ஆனா ஒரே மாதிரி ரெண்டு பல்பு தொடர்ல, அதாவது ஒரே ஒயர்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, இருந்தா எது நல்லா எரியும்னு கேட்டா பாதி கிளாஸ் "முதல்ல இருக்கறதுதான் மிஸ்"ங்கும். முதல் பல்பு கரண்ட்ட தின்னுட்டு மிச்சத்ததான் அடுத்ததுக்கு விடும்னு ஒரு நினைப்பு. போர்டுல எத்தன தடவ வரைஞ்சும் அது போகல.

அதுக்காக எடுத்ததுதான் ஃபெட் (PhET), சயின்ஸ் சோதனைகள கம்ப்யூட்டர்லயே செஞ்சு பார்க்கற சிமுலேஷன்களோட தொகுப்பு. அமெரிக்காவுல கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்துல 2002ல கார்ல் வீமன் ஆரம்பிச்சது, 2001ல இயற்பியலுக்கு நோபல் வாங்கினவர். முதல்ல பிசிக்ஸ் மட்டும்தான், இப்ப கெமிஸ்ட்ரி, கணக்கு, பயாலஜி எல்லாம் இருக்கு. வெப்சைட்ல காசு கிடையாது, பசங்க லாகின் பண்ண வேண்டாம். எனக்கு ரொம்ப புடிச்சது, ஒவ்வொரு சிமுலேஷனையும் தனித்தனி ஃபைலா டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போகலாம், நெட் இல்லாமயே பிரவுசர்ல ஓடும். நெட்ட நம்பி கிளாஸ் எடுத்து மாட்டிக்கிட்டவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

நான் எடுத்தது டிசி சர்க்யூட் செய்யுற கிட். பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச், கரண்ட்ட அளக்கற அம்மீட்டர், வோல்ட்டேஜ அளக்கற வோல்ட்மீட்டர் எல்லாத்தையும் இழுத்து இழுத்து மாட்டலாம்.

முதல் வருஷம் நான் தப்பு பண்ணிட்டேன். புரொஜெக்டர்ல போட்டு நானே எல்லாத்தையும் மாட்டி காமிச்சேன், பசங்க சினிமா மாதிரி பார்த்தாங்க, மறுநாள் கேட்டா அதே பழைய பதில். அடுத்த வருஷம் லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேரா உட்கார வெச்சு, மவுஸ தொடறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு நோட்ல எழுதணும்னு சொல்லிட்டேன். அங்கதான் எல்லாம் மாறுச்சு.

9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு ஒண்ணு, அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். தொடர்ல இன்னொரு பல்பு சேர்த்தா 0.45. இப்ப முதல் பல்புக்கு முன்னாடி ஒரு அம்மீட்டர், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு மாட்ட சொன்னேன். மூணுலயும் 0.45. ஒரு பொண்ணு "மிஸ், மீட்டர் ரிப்பேரா?"ன்னு கேட்டா. அவ நோட்ல கடைசி மீட்டர்ல குறையும்னு எழுதியிருந்தா. நான் பதில் சொல்லல, எலக்ட்ரான் ஓடறத பாருன்னு மட்டும் சொன்னேன். நீல உருண்டைங்க பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல போகுது, எங்கயும் காணாமப் போகல. "அப்ப பல்பு எத எடுத்துக்குது மிஸ்?"னு அவளே அடுத்து கேட்டா, அந்தக் கேள்வில இருந்து ஆற்றல், மின்திறன்னு மீதி பீரியட் தானா ஓடுச்சு.

பேட்டரியோட ரெண்டு முனையையும் வெறும் ஒயரால சேர்த்தா தீப்பிடிக்கற மாதிரி காட்டும். எல்லா பசங்களும் வேணும்னே அத பண்ணிப் பார்ப்பாங்க, பண்ணட்டும், குறுக்குச்சுற்ற பயமில்லாம தப்பா செஞ்சு பார்க்க வேற எங்க முடியும்? ஒரு பட்டன அமுக்குனா படமெல்லாம் குறியீடா மாறிடும், பரீட்சைக்கு சர்க்யூட் வரையறதுக்கு இது பெரிய உதவி.

குறைன்னா, இதுல எல்லாமே கச்சிதமா வேலை செய்யும். லூஸ் கனெக்‌ஷன் கிடையாது, துருப்பிடிச்ச முனை கிடையாது. நிஜத்துல டார்ச் செல்லும் ஒயரும் கைல குடுத்தா இன்சுலேஷன சீவாமலே மாட்டுறாங்க. அதனால இத மட்டும் வெச்சு லேப முடிச்சுடாதீங்க, அடுத்த பீரியடே நிஜ செல்லு, நிஜ பல்பு கைல குடுங்க. அப்புறம் வெப்சைட்ல ஃப்ரீன்னாலும் மொபைல் ஆப்புக்கு காசு கேட்கும், பசங்கள அத வாங்க சொல்லாதீங்க, போன் பிரவுசர்லயே திறக்கலாம், ஆனா சின்ன ஸ்கிரீன்ல விரலால ஒயர் மாட்டறது கஷ்டம்.

5க்கு நாலரை குடுப்பேன். ஒரு பீரியட்ல முடிக்கணும்னு ப்ளான் பண்ணாதீங்க, ரெண்டு பீரியட் சேர்ந்தாப்ல வாங்கிக்கோங்க, ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வழி குடுக்கற பக்க இணைப்புக்கு வரும்போது பசங்க எந்திரிக்கவே மாட்டாங்க.