ரேடியோ ஸ்கேனரில் குரல் வெட்டி வெட்டி வருகிறதா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அரை மாதச் சம்பளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்சலைப் பிரித்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, வயிறு எரிகிறது.

ஸ்கேனர் என்றால் காற்றில் போகும் ரேடியோ பேச்சைத் தேடிப் பிடித்துக் கேட்கும் பெட்டி. என் டிஜிட்டல் ஸ்கேனரில் பி25 சேனல்கள் (காவல், தீயணைப்பு போன்ற சேவைகள் பேசும் டிஜிட்டல் ரேடியோ முறை) எல்லாம் வெட்டி வெட்டிக் கேட்டன. "அடுத்த வண்டி எங்கே..." என்று தொடங்கும், நடுவில் தகர டப்பாவுக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம், அப்புறம் மௌனம். திரையில் சிக்னல் கோடுகள் மட்டும் குறையாமல் நிற்கும்.

இணையத்தில் ரேடியோ பழுது பார்த்துத் தரும் ஒரு சேவை. பெயர் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "டீகோடர் போர்டு போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு வழக்கமா வர்றதுதான்" என்றார் அங்கே பேசியவர். டிஜிட்டல் சிக்னலைக் குரலாக மாற்றும் பலகையைச் சொல்கிறார். அந்த "வழக்கமா வர்றதுதான்" என்ற நிதானத்தில்தான் விழுந்தேன். போர்டு மாற்ற, ஃபர்ம்வேர் (ஸ்கேனருக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற, கூடவே சிக்னலை அதிகம் இழுக்கும் ஒரு பெரிய ஹை கெயின் ஆன்டெனா. மொத்தம் அரை மாதச் சம்பளம், முழுவதும் முன்பணம். கட்டினேன்.

இன்று வந்தது. புது ஆன்டெனாவோடு முன்பைவிட மோசம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத் திருகின் மேல் இருந்த உத்தரவாத ஸ்டிக்கர் கிழியவே இல்லை. என் கைபட்டுச் சுருண்ட மூலைகூட அப்படியே இருக்கிறது. பிறகு எந்த வழியாகப் போர்டை மாற்றினார்கள்? ஃபர்ம்வேர் எண்ணும் பழையதே. காதுக்காக வாங்கிய சாமானை வைத்தே காதில் பூ சுற்றிவிட்டார்கள்.

கேட்டால், "ரெண்டு நாள் ஓட விடுங்க, செட் ஆகிடும்." இது என்ன செருப்பா, போடப் போடப் பழக? மறுபடி கேட்டால், "உங்க ஏரியா சிக்னல் பிரச்சினை சார்." அப்போ போர்டு? போனை வைத்துவிட்டார்.

அந்த இரண்டாவது பதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. கோபத்தில் தேடிப் படித்தேன். சைமல்காஸ்ட் என்கிறார்கள். பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும். அவை மைக்ரோ விநாடிக் கணக்கில் முன்பின்னாக வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று குழப்பும். பி25 குரல் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வருகிறது. பிழை மிஞ்சிய துண்டுகளை ஸ்கேனர் விழுங்கிவிடும். சிக்னல் நிறைய இருந்தும் குரல் வெட்டுவது அதனால்தான். பெரிய ஆன்டெனா இன்னும் நாலு டவரை உள்ளே இழுக்கும். அதைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

ஆன்டெனாவைக் கழற்றி, அந்தத் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப் ஒன்றைச் செருகி, ஸ்கேனரை ஜன்னலிலிருந்து அலமாரி ஓரத்துக்கு நகர்த்தினேன். முழு வாக்கியம் கேட்டது. ஒரு பேப்பர் கிளிப்! அரை மாதச் சம்பளம்!

சரிசெய்யும் வழிகளை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். ஸ்கேனரை ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள். சின்ன ஆன்டெனா, இல்லையென்றால் ஒரே டவரைப் பார்த்துத் திருப்பிய யாகி (ஒரு திசையில் மட்டும் நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனா). எதற்கும் மசியவில்லையா, சைமல்காஸ்டைச் சமாளிக்கவே வந்த ஸ்கேனர்கள் இருக்கின்றன. பெட்டியைத் திறக்காமலே "போர்டு போச்சு" என்பவருக்கு முன்பணம் கட்டாதீர்கள். பிறர் கேட்க முடியாதபடி குறியாக்கம் செய்த சேனலைத் திறந்து தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

அனுப்பும் முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது: "அது நாங்க புதுசா ஒட்டின ஸ்டிக்கர் சார்."